‘போ’ போன வீடு

எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷமாக யாரும் எங்கேயும் போகவில்லை. வந்துகொண்டே இருந்தோம்.

நான் காலையில் வேலைக்கு வந்தேன், மாலையில் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார், காய்கறியோடு திரும்பியும் வந்தார். குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு வரும். எங்கள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்கும் வந்துவிடும். ‘போ’ என்ற சொல்லுக்கு வீட்டில் அனுமதி கிடையாது. அனுமதி கொடுக்க வேண்டியவள் என் மகள். வயது ஒன்பது.

அவளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். நாலு வயதிலேயே வாசலில் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி, யாருடையது கோணலாகக் கிடக்கிறது என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நாங்கள்தான் சிரித்துச் சிரித்து அந்தப் பதவியைக் கொடுத்தோம். கொடுத்த பதவியைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி அனுப்பிவைப்பவள். எங்கள் டிப்போவில் விசில் மட்டும் பத்தாது. ஒருமுறை வெளியே எவனோ விளையாட்டுக்கு ஊதிய விசிலை நம்பி ஒரு வண்டி கண்டக்டர் இல்லாமலே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து விசிலோடு வாயாலும் ‘போ’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் டிரைவர் கியரைத் தொடுவார். ஆக, நாள் முழுக்க போ, போ, போ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வீட்டில் அதே வார்த்தைக்குத் தடை. தலையெழுத்து என்பது இதுதான்.

எல்லாம் ஆரம்பித்தது என் அண்ணன் காலில்.

அண்ணன் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வயிறாரச் சாப்பிட்டு, என்னிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அன்றைக்கு எதற்குச் சண்டை என்று நினைவில்லை. விருட்டென்று எழுந்து, “நான் போறேன்” என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “போறேன்னு சொல்லாத, வரேன்னு சொல்லு” என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். போகிறேன் என்றால் ஒரேயடியாகப் போகிற மாதிரி. அதனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் வீம்புக்கு, போறேன் போறேன் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே இறங்கினான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஒரு மாடி இறங்கியதும் திருப்பத்தில் யாரோ தரையைத் துடைத்து ஈரமாக விட்டிருந்தார்கள். கணுக்கால் உடைந்தது.

மாவுக்கட்டு போட்டு எங்கள் சோபாவில்தான் கிடந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். வரேன்னு சொல்லியிருந்தா வந்திருப்பான். போறேன்னான், கால் போச்சு. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனே சிரித்தான். சிரிக்காதவள் மேனேஜர் ஒருத்திதான். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மேல் பாசம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே சட்டம் வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல வேண்டும். நல்ல பழக்கம்தானே என்று சொன்னோம். பிறகு வாசற்படிக்கு உள்ளே நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னோம். சொல்லும்போது தெருவில் ஹார்ன் அடித்தால் அது செல்லாது, மறுபடி சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஹார்ன் அடிக்காமல் எவனும் வண்டி ஓட்டுவதில்லை. பிறகு ஒருநாள் ‘போயிட்டு வரேன்’ என்பதிலேயே முன்பாதியில் போ உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். அதையும் வெட்டினோம். வெறும் ‘வரேன்’.

அப்புறம்தான் கூத்து. கிளம்பும்போது மட்டும் இல்லை, எப்போதுமே அந்த எழுத்து வரக் கூடாது என்றாகிவிட்டது. தமிழில் போ இல்லாமல் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? பால் கெட்டுப் போகும், சட்டை கிழிந்து போகும், விஷயம் மறந்து போகும். நம் மொழியில் உருப்படாமல் போகிற எல்லாமே போவதுதான். நாங்கள் பால் திரிந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டோம். போர்வை கம்பளியாயிற்று. போன் செல் ஆயிற்று. போட்டோ படம் ஆயிற்று. இப்போது, அப்போது, எப்போது மூன்றும் காலி. நல்லவேளை, வாயில் இப்ப, அப்ப, எப்ப என்றும் வரும். தமிழ் அந்த மட்டில் கைகொடுத்தது. என் வேலை இடத்தின் பெயரைச் சொல்ல முடியாததால், அம்மா ‘ஆபீஸில்’ இருப்பதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. கொஞ்சம் மரியாதைகூடக் கூடியது.

மிகவும் அடிபட்டவர் என் வீட்டுக்காரர். அவர் எலெக்ட்ரீஷியன். கரண்ட் போனால்தான் அவருக்குச் சோறு. வீட்டிலிருந்து யாரிடமாவது பேசும்போது, “ஃபியூஸ் போயிருக்கும்” என்று சொல்ல முடியாமல், ஃபியூஸ் எரிந்து வந்திருக்கும் என்று விளக்குவார். ஒருவர் இவருக்குத் தொழில் தெரியாது என்று வேறு ஆளைத் தேடிக்கொண்டார். அதைவிடக் கொடுமை சாப்பாட்டில். ‘போதும்’ என்ற சொல்லும் தடைப் பட்டியலில். நான் கரண்டியோடு நிற்பேன், அவர் கையை மட்டும் ஆட்டுவார், நான் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே பரிமாறுவேன். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், டிப்போவில் கேட்டால் சொல்வார்கள். கத்தியிருக்கிறேன். முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே போ போ என்று ஒரு நாள் அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். வெளியே இழுத்தபோது உடம்பு வெடவெடவென்று ஆடியது. அன்றைக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு, வரேன், வரேன், வரேன் என்று தூங்கும்வரை சொன்னேன். ஒரு நாள் அடி, மறுநாள் அடிபணிதல். இதுதான் எங்கள் வளர்ப்பு முறையாக இருந்தது.

காலையில் நான் கிளம்புவதற்குள் பத்து வண்டி அனுப்பிவிடலாம். வாசலில் வரேன். படியில் திரும்பிப் பார்த்து வரேன். தெருவில் நின்று அண்ணாந்து வரேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து செல்லில் வரேன். தாமதமாக வரும் டிரைவர்களைக் காரணம் கேட்க வேண்டிய நானே தாமதமாகப் போய் நின்றேன். டிப்போ அதிகாரி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வரை நான் போட்ட ‘போ’வில் டிரைவர்கள் மிரண்டுவிட்டார்கள். வாயே திறக்காத டிரைவர் ஒருவர் உண்டு, நாங்கள் அவரைச் சைலன்சர் என்போம். அவர்கூட ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கையால் கேட்டார்.

ஆனால் இதெல்லாம் எங்கள் கஷ்டம். அவள் கஷ்டம் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஆமையால்.

மேனேஜருக்கு ஆமை என்றால் உயிர். கடலாமை எவ்வளவு காலம் வாழும், எங்கே முட்டையிடும் என்று எல்லாம் ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கும் மீன் காட்சியகத்துக்கு ஒருநாள் சுற்றுலா. அங்கே கண்ணாடித் தொட்டியில் கட்டில் அகலத்துக்கு ஒரு கடலாமை இருக்கிறதாம். பள்ளியில் சொன்ன அன்று ஓடி வந்து மூச்சு வாங்க அதைப் பற்றியே பேசினாள். சாப்பிடும்போது திடீரென்று, நான் பேர் கொடுக்கல என்றாள். ஏன் என்று கேட்டேன். அப்புறம் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“நான் இல்லாத நேரம் நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்தா, சரியா சொல்ல வைக்க யாருப்பா இருக்கா? எனக்கும் இது பிடிக்கலப்பா. நிறுத்த முடியல.”

அதுவரை அவள் எங்களை ஆட்டிவைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் ஒருத்தி எங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், சம்பளம் இல்லாமல், விடுமுறை இல்லாமல். நான் கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் டீச்சரும் கூப்பிட்டார். பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வரிக்கு வரி ஏதாவது ஒரு சொல்லைத் தாவுகிறாள் என்றார். திட்டவில்லை. குழந்தைகளுக்கான மனநல டாக்டர் ஒருவர் விலாசத்தைக் கொடுத்து, இது அடமில்லை, பயம். பார்த்தால் சரியாகும், சுற்றுலாவுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றார்.

டாக்டரின் அறை டயர் கடைக்கு மேல் மாடியில். என்னைவிட வயதில் சின்னப் பெண். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. மேஜையில் பாதித் துண்டுகள் காணாமல் போன ஒரு படப்புதிர். மேனேஜர் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். மகள் பக்கத்தில் இருந்ததால் போ இல்லாமல் சொன்னார். மூச்சு வாங்கியது. டாக்டர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லோருமே இப்படித்தான் பேசுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம், கொஞ்சம் பெருமையாகவே. ஒற்றுமையான குடும்பம்.

“பயம் அவளுக்கு” என்றார் டாக்டர். “ஆனா அதுக்கு வேலை செய்யறது மூணு பேரும்.”

மேனேஜரிடம், அந்தப் பயத்துக்கு ஏதாவது பெயர் வைத்துக் கூப்பிடலாமா என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாம், அது நான்தான் என்றாள் இவள். டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு, சரி, நீதான். ஆனால் நீ மட்டும் இல்லை, ஆமையைப் பார்க்க ஆசைப்படுகிறவளும் நீதான் என்றார். மேனேஜர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எங்களிடம் அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பயம் என்பது இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற ஜாதி. ஒரு தடவை வரேன் சொன்னால் அவளுக்கு நிம்மதிதான். அந்த நிம்மதி ருசி காட்டிவிடுகிறது. நாளைக்கு இரண்டு தடவை வேண்டும். அதற்காக அவளை அடிப்பதும் திட்டுவதும் உதவாது, பயத்துக்குப் பயம் சேரும், அவ்வளவுதான். யார் மேலும் தப்பு இல்லை. அண்ணன் கால் உடையாமல் இருந்திருந்தால் வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். இனி அவள் மேல் கோபப்படவும் கூடாது, பயத்துக்குப் பணியவும் கூடாது. தடை போட்ட வார்த்தைகளை மறுபடி சொல்லிப் பழக வேண்டும், அவள் எந்த வார்த்தையிலிருந்து தொடங்கலாம் என்கிறாளோ அங்கிருந்து, சின்னதிலிருந்து பெரிதாக, படிப்படியாக. படி என்றதும் என் வீட்டுக்காரர் அண்ணனை நினைத்து என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் பெரிய கஷ்டம். அம்மா திரும்பி வருவியா என்று கேட்டால் ஒரு முறை பதில் சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், இது பயம் கேட்கிற கேள்வி, இதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். பெற்ற பிள்ளை திரும்பி வருவியா என்று கேட்டு, நான் வாயை மூடிக்கொண்டு படியிறங்க வேண்டும். இதைச் சொல்ல இவருக்கு எத்தனை வருஷம் படிப்பு தேவைப்பட்டதோ.

கிளம்ப எழுந்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வீட்டுச் சட்டப்படி, கிளம்பும்போது வரேன் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரிடம் வரேன் சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, நீ சொல்லல” என்றாள் மேனேஜர்.

டாக்டர் கிட்ட சொல்லக் கூடாதுடி என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். டாக்டருக்கு ஜலதோஷம் மூக்கில்தான், காதில் இல்லை.

“சொன்னா என்னம்மா ஆகும்?” என்று கேட்டார்.

“திரும்ப வர வேண்டியிருக்கும்.”

“அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வரத்தானே சொல்லியிருக்கேன்.”

மேனேஜர் என்னைப் பார்த்தாள். ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் வழியில் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. நான் வரேன் சொல்லாமலே படியிறங்கினேன்.

முதலில் அவள் எடுத்த வார்த்தை போர்வை. மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாதவர்கள் மாதிரி, போர்வை போர்வை என்று சொன்னோம். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நகம் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே கழன்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அடுத்தது போதும். அவர் தட்டுக்குக் குறுக்கே கையை வைத்து, என்னை நேராகப் பார்த்து, “போதும்” என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு மனிதன் ஒரு கரண்டி சோற்றை மறுத்துவிட்டு அவ்வளவு நிம்மதியாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

எல்லாம் நேர்கோட்டில் நடக்கவில்லை. கரண்ட் போச்சு என்று அவர் சொன்ன அன்றைக்கு உண்மையாகவே போய்விட்டது. இருட்டில் மேனேஜர் அலறியதில் எதிர்வீட்டுக்காரர் மெழுகுவத்தியோடு வந்து நின்றார். இரண்டு வாரம் பழையபடி கம்பளியில் படுத்தோம். காய்ச்சல் வந்தபோது இன்னொரு தடவை. டாக்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. வழுக்கினால் வழுக்கின இடத்திலிருந்து ஏறுங்கள் என்றார்.

அண்ணனையும் கூப்பிட்டோம். கால் உடைந்தவன் வாயாலேயே போறேன் என்று சொல்லி, அதே படியில் இறங்க வேண்டும் என்பது மேனேஜரே வகுத்த பாடம். அவன் வாசலில் நின்று செருப்பை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்றான். கழுதை வயதாகிறது, ஒரு குழந்தைக்கு இருக்கிற துணிச்சல் இல்லையா என்று விரட்டினேன். “போறேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினான். மேனேஜர் படிக்கட்டின் மேலே நின்று, கீழே கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மாமாவுக்கு ரொம்பப் பயம்” என்றாள் உள்ளே வந்து. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

கடைசிப் படி நான்.

அந்தக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போறேன்” என்றேன். அவள் முகம் அப்படியே கோணிக்கொண்டது. திரும்பி வருவியாம்மா என்றாள். வருவேன் என்றேன், ஒரு முறை. மறுபடி கேட்டாள். இது பயம் கேட்கிற கேள்வி என்று ஆரம்பித்தேன், என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவள் என் புடவையைப் பிடித்தாள், என் வீட்டுக்காரர் விரல் விரலாகப் பிரித்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே அவள் அழுகிறாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பார்களே, அது சும்மா வார்த்தை இல்லை. கதவைப் பார்த்து, உதடு மட்டும் அசையும்படி, “வரேன்” என்றேன். பிறகுதான் என் கால் படியில் இறங்கியது.

அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் சொன்னேன். அவள் அழுகை குறைந்து முணுமுணுப்பாயிற்று, முணுமுணுப்பும் நின்று ஒருநாள், சரி, போ என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, “வரேன்” என்றேன். அவளுக்காக இல்லை என்று அப்போது தெரிந்தது. ஒரு நாள் சொல்லாமல் இறங்கிப் பார்த்தேன். ஒரு மாடிகூடத் தாண்ட முடியவில்லை, அண்ணன் விழுந்த அந்தத் திருப்பத்திலிருந்து மூச்சிரைக்க மேலே ஏறி, கதவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்பார். நல்ல முன்னேற்றம் என்பேன். பாதிப் பொய்.

சுற்றுலாவுக்கு மேனேஜர் தானே பெயர் கொடுத்தாள். நான் போறேன்மா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவில் என்ன வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வாடகைக்குப் பேசிய வண்டி எங்கள் டிப்போ வண்டி. டிரைவர் சைலன்சர். அனுப்ப வேண்டியவள் நான்.

அன்று காலை டிப்போ முற்றம் முழுக்கப் பிள்ளைகள். டீசல் நாற்றத்தில் தின்பண்ட வாசனை. என் வீட்டுக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனும் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேனேஜர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். பயம் போகவில்லை. பயத்தோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நேரமாயிற்று. விசில் ஊதினேன். சைலன்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

வரவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை வண்டிக்குச் சொன்ன வார்த்தை, நாக்கில் ஒட்டிக்கொண்டது. டீச்சர் எட்டிப் பார்த்தார். டிப்போ அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, பத்திரமா போயிட்டு வா என்றேன்.

“அப்படி இல்லம்மா” என்றாள்.

சீக்கிரம் வந்துடு என்றேன்.

அவள் கம்பிக்கு வெளியே முகத்தைக் கொண்டுவந்தாள். பக்கத்து சீட்டுப் பிள்ளைக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“நீ தினமும் கதவுக்கு வெளிய நின்னு வரேன் சொல்ற. உள்பக்கம் நான் காது வச்சுக் கேட்டுட்டுதான் இருப்பேன். முதல்ல எனக்கு வேணும்னு கேட்டேன். அப்புறம் எனக்குத் தேவைப்படல. நிறுத்தச் சொன்னா உனக்குப் பயமா இருக்கும்னு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் கண் நிறைந்திருந்தது.

“வா வேண்டாம்மா. போ சொல்லு. ஒரு தடவைதான். அப்புறம் பழகிடும்.”

அவள் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினேன். ஜன்னல் உயரம், எட்டவில்லை.

“போ” என்றேன்.

அவளுக்குத்தான் சொன்னேன். சைலன்சருக்கு அது தெரியாது. டைம்கீப்பர் வாயால் சொல்லிவிட்டார், அவருக்கு அது போதும். கியர் விழுந்தது, வண்டி குலுங்கி நகர்ந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவள் கையை வெளியே எடுத்து ஆட்டினாள், டீச்சர் அதட்டியதும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். என் வாய்க்குள் அந்தப் பழைய ‘வரேன்’ வந்து, பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. அது போகிறவரை நான் விசிலை எடுக்கவில்லை.